முசே ஒகுஸ்த்தின் ஒழுக்கமான இதயம்

மனித இதயத்தை மருத்துவர்களிடமிருந்து மீட்டுக் கோப்புக்குள் பத்திரப்படுத்திய பெருமை இவ்வுலகில் ஒரே ஊருக்குத்தான் உண்டு. அது புதுச்சேரி. சாதனையை நிகழ்த்தியது, பெயர் வெளியிட விரும்பாத ஓர் ஆஸ்பத்திரியின் 'இதய ரேகை ஒப்புமைக் குழு'. ஆள்மாறாட்டத்தை ஒழிக்க அது கண்ட விதி எளிமையானது: ஆபரேஷன் வேண்டுபவர் மூன்று ஈசிஜி தர வேண்டும், மூன்றும் அச்சு அசலாக ஒத்திருக்க வேண்டும்.

இந்த நல்ல விதியில் போய் முட்டிக்கொண்டவர் ஜெர்மேன் அம்மாள். கணவர் ஒகுஸ்த், பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற சொல்தா, அதாவது சிப்பாய். காகிதம் என்றால் அம்மாளுக்குப் பயமே கிடையாது. கணவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று பென்சனுக்காக வருஷா வருஷம் சான்றிதழ் வாங்கிப் பிரான்சுக்கு அனுப்பிப் பழகிய கை. இப்போது கணவரின் இதய வால்வை மாற்றாவிட்டால் அடுத்த வருஷச் சான்றிதழுக்கு வேலை இருக்காது என்பதை டாக்டர் பூர்ணிமா நாசூக்காகச் சொல்லியிருந்தார்.

குழுத் தலைவர் ராஜவேல், இருபத்தாறு வருஷம் பாங்கில் கையெழுத்து சரிபார்த்தவர். பூதக்கண்ணாடியோடு மூன்று தாளையும் மேய்ந்தார்.

"மதாம், ஒண்ணுக்கொண்ணு சேரவே இல்லியே. இங்க நெருக்கமா துடிக்குது, இங்க விட்டு விட்டு துடிக்குது. மூணு பேரு போட்ட கையெழுத்து மாதிரி இருக்கு."

டாக்டர் பூர்ணிமா குறுக்கிட்டார். "சார், வால்வு சுருங்கிப் போச்சு. அதனால இதயத்தோட மேலறை வீங்கி, துடிப்பு தாறுமாறா ஓடுது. எத்தன தடவ எடுத்தாலும் வேற வேறயாத்தான் வரும். அதான் சார் நோயே."

"அப்ப நோய் சரியானதும் ஆபரேஷனுக்கு வரச் சொல்லுங்க," என்றார் ராஜவேல். இதைவிட மலிவான வைத்தியம் எந்த நாட்டிலும் கிடையாது.

நான்காம் முறை அம்மாள் வந்தபோது ஒகுஸ்த் சக்கர நாற்காலியில் இருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"உட்டுடு ஜெர்மேன். என் நெஞ்சு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

"நீங்க மட்டும் எப்ப கேட்டீங்க," என்றார் அம்மாள்.

ஈசிஜி எடுக்கும் துர்கா, வயர்களை மாட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தாள். அம்மாள் அக்கம்பக்கம் பார்த்தார். ஒவ்வொரு வயராகக் கழற்றினார். பட்டனை மூன்று முறை அழுத்தினார்.

ராஜவேல் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார். மூன்று தாளிலும் ஸ்கேல் வைத்து இழுத்தாற்போல் நேர்க்கோடு.

"எவ்ளோ சுத்தமா இருக்கு பாருங்க. மொதல்லயே இத எடுத்தாந்திருந்தா இந்த அலைச்சல் இருக்குமா," என்று கண்கலங்க முத்திரை குத்தினார்.

வால்வு மாறியது. ஒகுஸ்த் பிழைத்தார். வீட்டுக்குக் கிளம்பும் நாளில் சால்வையோடு வந்து நின்றார் ராஜவேல். ஒகுஸ்த்துக்கு 'முன்மாதிரி நோயாளி' விருதாம்.

"மதாம், நம்ம குழுவப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லணும்."

ஜெர்மேன் அம்மாள் எழுந்தார்.

"என்னாத்த சொல்றது. முப்பது வருஷமா இவரு உயிரோட இருக்காருன்னு பிரான்சுக்குக் காயிதம் அனுப்புனேன், பென்சன் வந்துச்சு. செத்துட்டாருன்னு உங்ககிட்ட காயிதம் குடுத்தேன், உயிர் வந்துச்சு."