சலூன்காரர் தன் நாவை வென்ற போர்

வாழி, சலூன் வேந்தே! சீப்பே செங்கோலாய், சுழல்நாற்காலியே அரியணையாய், கன்னங்களை மழித்துக் கதைகளை வளர்த்த கத்தரிக்கோற் கரத்தோனே, வாழி, வாழி! இந்தத் தெருவில் ஒருவர் தும்மினால் அது அடுத்த தெருவுக்கு நிமோனியாவாகப் போய்ச் சேருமாறு செய்தவன் நீயன்றோ!

அத்தகைய மாவீரர் இத்தவக்காலத்தில் எதைத் துறந்தார்? தேநீரையா? அதைப் போன வருடமே துறந்து, நெற்றியில் பூசிய சாம்பல் அழியுமுன் குடித்துத் தொலைத்தார். இம்முறை துறந்தது புறம்பேசுதலை! பக்கத்துக் கடை ரொட்டிக்காரர் அவருடைய உயிர்த்தோழர். அவர் மீசைக்குச் சாயமடிக்கிறார் என்பதை நம் வீரர் ஊர்முழுக்க ஒலிபரப்பியதிலிருந்து, தோழர் முடிவெட்ட வருவதில்லை. எதிரே கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஈஸ்டருக்குள் புது மனிதனாகி, அவரை மீண்டும் அந்த நாற்காலியில் உட்காரவைத்துவிட வேண்டுமென்று நம் வீரர் உள்ளபடியே ஏங்கினார். பாவம், மனசு தங்கம், வாய்தான் ஓட்டை.

"இது சத்தியம்! இனி இந்தக் கடையில முடி விழும். ஒருத்தரைப் பத்தியும் ஒரு வார்த்தை விழாது!" என்று கண்ணாடிமுன் நின்று முழங்கினார்.

வந்தான் பகைவன்! வம்பெனும் வாளேந்தி, வாயெனும் தேரேறி, தொப்பை குலுங்க வந்தான் மனைவியின் தம்பி. நுரைபூசி முடிக்குமுன்னே தொடுத்தான் அம்பை:

"மாமா, விஷயம் தெரியுமா? உங்க ரொட்டிக்காரருக்கு முடியெல்லாம் கொட்டிப்போச்சாம். தலையில இருக்கிறது டோப்பாவாம்!"

ஐயோ, ஐயையோ! முடிதிருத்தும் குலத்தார்க்கு இதனினும் இனிய செய்தி மூவுலகிலும் உண்டோ! சீறி எழுந்தது நா, பல்லெனும் மதிலை முட்டியது, உதடெனும் கதவுகள் தாழிட்டு நின்றன, மூக்கு முரசறைந்தது, காதுகள் தணலாய்ச் சிவந்தன, 'எந்தக் கடை டோப்பா?' என்னும் வினா தொண்டைவரை படையெடுத்து வந்து, எச்சிலோடு விழுங்கப்பட்டு, சிறைபட்டது. கத்தி வழிதவறிக் காதுமடலில் ஏறியது.

"மாமா, என் காது, என் காது!" என்று பகைவன் அலறினான்.

வீரர் புருவத்தை மட்டும் உயர்த்தினார். புருவம் பேச்சில் சேராதென்று தீர்ப்பும் தாமே வழங்கிக்கொண்டார். சொல்லிச் சொல்லிச் சலித்த பகைவன், பாதி மீசையோடு புறமுதுகிட்டு ஓடினான்.

வென்றான்! வென்றான்! வானோர் பூமாரி பொழியாவிடினும், மின்விசிறிக் காற்றில் வெட்டிய முடிகள் எழுந்து வாழ்த்தின. மகிழ்ச்சி தலைக்கேறிய வெற்றிவேந்தர், சவரக்கத்தியோடு ஒரே பாய்ச்சலில் ரொட்டிக்கடைக்குள் புகுந்து, வரிசையில் நின்ற சனத்தைப் பிளந்து, தோழர்முன் மார்தட்டி நின்றார்.

"யப்பா! உன்னைப் பத்தி என் மச்சினன் ஒரு விஷயம் சொன்னான். நான் வாயே திறக்கல! அடியோட மாறிட்டேன்ப்பா!"

ரொட்டிக்காரரின் கண்கள் கலங்கின. மாவு படிந்த கைகள் பழைய நட்பைத் தழுவ நீண்டன.

"நிஜமாவா? அப்படி என்னதான் சொன்னான்?"

"முடியெல்லாம் கொட்டிப்போயி நீ டோப்பா வெச்சிருக்கேன்னு!"

ரொட்டி வாங்க வந்தவர்கள் எல்லாரும் அவர் தலையைப் பார்த்தார்கள்.