கார்புரேட்டருக்கு வைத்த பொட்டு

ஒன்றைக் கழற்றத் தெரிந்தவனுக்கு அதை மாட்டவும் தெரியும் என்று நம்புவது இருபத்திரண்டு வயதில் வருகிற ஒரு நோய். எனக்கு அது முற்றிய நிலையில் வந்தது. பி.எஸ்சி. முடித்துவிட்டு, வேலை எதுவும் கிடைக்காமல் தச்சநல்லூர் வீட்டில் உட்கார்ந்திருந்த தொண்ணூறுகளின் தொடக்கம். வீட்டில் பழுதாகிற பொருளெல்லாம் என் கைக்கு வரும். வந்தவற்றில் பல திரும்பிப் போனதில்லை. (சுவர்க் கடிகாரம் ஒன்று என் மடியிலேயே உயிரை விட்டது. அதைப் பற்றி அம்மாவிடம் இன்றைக்கும் பேச முடியாது.)

அப்பா தாலுகா ஆபீஸில் வேலை பார்த்தார். சிவபெருமானுக்கு அடுத்தபடியாக அவர் மதித்தது தன் மோட்டார் சைக்கிளைத்தான். அதை மாதாமாதம் வீட்டிலேயே சர்வீஸ் செய்கிற உரிமையைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியிருந்தேன். பெரிய வேலை இல்லை. செயினுக்கு எண்ணெய் விட வேண்டும், பிளக்கை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், பிரேக்கை இறுக்க வேண்டும். அத்தோடு எழுந்து கை கழுவுகிறவன் புத்திசாலி.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் நான் கை கழுவவில்லை. மறுநாள் ஆயுத பூஜைக்கு வண்டி புதுசுபோல நிற்க வேண்டும் என்று கார்புரேட்டரையும் கழற்றினேன். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்கு அனுப்புகிற சாமான் அது. உள்ளே ஊசி பருமனே உள்ள துளைகள் இருக்கும். பாதி வேலையில் மழை பிடித்துக்கொண்டது. கழற்றிய உறுப்புகளையும் ஸ்பானர்களையும் கையில் அகப்பட்ட ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் அள்ளிப் போட்டு, கூடத்தில் வைத்துவிட்டுப் படுக்கப் போனேன்.

பூஜைக்கு முதல் நாள் ஒருவன் இரும்புச் சாமான்களைத் தாம்பாளத்தில் வைத்தால் எங்கள் வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான். காலையில் நான் எழுந்தபோது பூஜை முடிந்து சுண்டல் வாசம் வந்துகொண்டிருந்தது. புத்தக அடுக்குக்குப் பக்கத்தில் என் தாம்பாளம். ஒவ்வொரு ஸ்பானருக்கும் சந்தனப் பொட்டு, குங்குமம். கார்புரேட்டருக்கு மட்டும் அம்மா தாராளமாகவே அப்பியிருந்தாள்.

"இந்த வருசமாவது ஒனக்கு ஒரு வேல கெடைக்கட்டும்னு நல்லா கும்பிட்டிருக்கேன்" என்றாள்.

பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியும்வரை தொடக் கூடாது. எங்கள் வீட்டில் அந்தச் சட்டத்தைக் காப்பாற்றுகிறவர் அப்பா. (பரீட்சைக்கு முதல் நாள்கூட இதைச் சொல்லிப் படிக்காமல் தப்பித்திருக்கிறேன்.) எனக்கும் அவசரமில்லை. நாளைக்கு மாட்டிக்கொள்ளலாம் என்று சுண்டலைத் தின்றேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்திருப்பதாகக் கூப்பிட்டார்கள். ஏரலிலிருந்து அத்தை மகன் பேசினார்.

"அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கிட்டு கெடக்கு. மாமாவ ஒடனே வரச் சொல்லு."

அத்தை அப்பாவுக்கு அக்கா. தாயில்லாத அப்பாவை வளர்த்தவள். செய்தியைச் சொன்னதும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். வண்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பூஜை அறையைப் பார்த்தேன்.

தாம்பாளத்தின் முன்னால் அவர் வெகுநேரம் நின்றதுபோல எனக்குத் தோன்றியது. கடைசியில் அவரே சூடம் ஏற்றிக் கும்பிட்டு, தாம்பாளத்தைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தார்.

"சாமி பொறுத்துக்கிடும். எவ்வளவு நேரம்லே ஆகும்? நேரமாகும்னா சொல்லு, நான் பஸ்ஸுக்குப் போயிருதேன்."

"பத்து நிமிஷம்ப்பா" என்றேன். தெரியாது என்று சொல்வதற்கு வேண்டிய அறிவு எனக்கு அப்போது இல்லை.

சந்தனம் கார்புரேட்டர் துளைகளுக்குள் போய்க் காய்ந்திருந்தது. ஊதினேன். விளக்குமாற்றுக் குச்சியால் குத்தினேன். குச்சி உள்ளேயே ஒடிந்தது. தெருமுனை மெக்கானிக் அண்ணாச்சியிடம் ஓடினேன். அவர் பட்டறை வாசலில் வாழைமரம் கட்டி, நெற்றி நிறையத் திருநீறோடு பொரி கொடுத்துக்கொண்டிருந்தார்.

"பல்ல வச்சுக் கழத்தச் சொல்லு, கழத்துதேன். இன்னைக்கு ஸ்பானரத் தொடச் சொல்லாத தம்பி" என்றார். ஒரு கை பொரியும் கொடுத்தார். அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு, கையில் குடையோடு, வாசற்படியிலேயே இருந்தார்.

"ஆச்சாலே?"

"இந்தா ஆச்சுப்பா."

இதையே எத்தனை முறை கேட்டார், எத்தனை முறை சொன்னேன் என்று கணக்கில்லை. ஒருவழியாக மாட்டி உதைத்தேன். வண்டி ஒருமுறை தும்மியது. மறுபடி உதைத்தேன். அதுவும் இல்லை. நான் உதைத்துக்கொண்டே இருந்தபோது அப்பா எழுந்து, குடையை விரித்து, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். கிரீஸ் கையோடு நான் பின்னால் ஓடினேன்.

முகப்பில் வாழைக்கன்று கட்டிய பஸ் ஊர் ஊராக நின்று நின்று போனது. ஏரல் வரும்வரை அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இறங்குவதற்குச் சற்று முன்பு தன் கைக்குட்டையை நீட்டினார்.

"கையத் தொடச்சுக்கோ. அங்கன எல்லாரும் பாப்பாங்க."

தெருவில் திரும்பும்போதே அழுகைச் சத்தம் கேட்டது. வாசலில் நின்ற அத்தை மகன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பத்தான் மாமா. காலையில இருந்து தெருவுல மோட்டார் சத்தம் கேக்கும்போதெல்லாம் கண்ணத் தொறந்து வாசலப் பாத்தா. நீங்க வண்டியில வரலியா?"

"பஸ்ஸுலதான் வந்தோம். கூட்டம்" என்றார் அப்பா. நான் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். கிரீஸ் போகவே இல்லை.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு அதே வீட்டில் மாவு அரைக்கும்போது கிரைண்டர் நின்றுவிட்டது. ஆளாளுக்கு அதைத் தட்டிப் பார்த்தார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த அப்பா, "உள்ள சந்தனம் அடைச்சிருக்கான்னு பாருங்க" என்றார். விஷயம் அதற்குள் அம்மா மூலம் வெளியே வந்திருந்தது. பதினாறு நாளாக அழுத வீடு முதல் தடவையாகச் சிரித்தது. அத்தை மகன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எது நின்றாலும் இதே பேச்சுத்தான். மின்விசிறி நின்றாலும், தண்ணீர் மோட்டார் நின்றாலும் சந்தனம். போன வாரம் செல்போன் வேலை செய்யவில்லை என்று என் மகள் இதைச் சொன்னாள். ஏரல் அத்தையை அவள் பார்த்ததில்லை. நானும் சேர்ந்து சிரித்தேன், சிரிக்காவிட்டால் காரணம் கேட்பாள்.

அப்பா அதற்குப் பிறகு பல வருஷம் இருந்தார். கல்யாண வீடு, சாவு வீடு எல்லாவற்றிலும் அந்தக் கதையைச் சொல்லி மற்றவர்களைச் சிரிக்க வைத்தார். சொல்லும்போது ஒரு தடவைகூட அவர் என் முகத்தைப் பார்த்ததில்லை.