நீலப் புள்ளியும் என் நிச்சயதார்த்தமும்

அரைகுறையாக ஒன்றைத் தெரிந்துகொண்டவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைத்துக்கொள்வான். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஒன்று தெரிந்தால் ஒன்பது பேருக்குச் சொல்லாமல் தூக்கம் வராது.

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாகச் சேர்ந்த புதிது. (பெண் வீட்டில் இன்ஜினியர் என்று சொல்லியிருந்தோம்.) எங்களுக்கு வரும் மின்னணுச் சில்லுகள் காற்றை உறிஞ்சி மூடிய பைகளில் இருக்கும். கூடவே ஒரு சிறிய அட்டை, அதில் ரசாயனம் தடவிய மூன்று புள்ளிகள், ஒவ்வொன்றும் ஓர் ஈர அளவுக்கு. பைக்குள் ஈரம் இல்லையென்றால் நீலம், ஈரம் ஏறினால் இளஞ்சிவப்பு. பையைப் பிரித்ததும் அட்டை குப்பைக்குப் போகும். ஒன்று என் வீட்டுக்கு வந்தது.

காற்றழுத்தத்தை நிறம் மாறிக் காட்டும் பூச்சு ஒன்று உண்டென்று அப்போதுதான் எங்கோ படித்திருந்தேன். இரண்டையும் என் மூளை தானாகவே முடிச்சுப் போட்டது. ஈரம் கூடினால் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் மழை. ஆகவே என் அட்டை ஒரு காற்றழுத்தமானி! அறைச் சுவரில் ஒட்டினேன். இரண்டு புள்ளிகள் அன்றே சிவந்துவிட்டன. (அவை பழுது என்று முடிவுகட்டினேன்.) மூன்றாவது புள்ளி மட்டும் வாரம் முழுக்க நீலம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நிச்சயதார்த்தம். பெண் வீடு ஜெலுத்தோங்கில். ஹாலில் பதினைந்து பேர் உட்காரலாம், மற்றவர்களுக்கு வாசலில் கேனப்பி, அதாவது வாடகைக் கூடாரப் பந்தல், போடுவதாக ஏற்பாடு. சனிக்கிழமை மாமனார் போன் செய்தார்.

“மாப்ள, மழ வர்ற மாரி இருக்கு. பெரிய கேனப்பியா போட்டுறவா?”

“கேனப்பியே வேணாம் மாமா. காத்தழுத்தம் சூப்பரா இருக்கு, ஒரு கார்ட ஒட்டி நானே அளந்துட்டேன் லா. வெட்டவெளியில போட்டோ நல்லா வரும்.”

“நிச்சயமாவா?”

“சயின்ஸ் மாமா!”

அந்த நல்ல மனிதர் கேனப்பிக்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் பதினொரு வரிசைத் தட்டுகளுடன் போய் இறங்கினோம். என் பெரியப்பா தட்டு மாற்றக் கையை நீட்டினார், மழை கொட்டியது. லட்டு கரைந்து பாயசமானது. நிச்சயப் புடவையின் சாயம் ஆப்பிள்மேல் இறங்கியது. ஐம்பது பேரும் ஹாலுக்குள் நெருக்கியடித்து நின்றோம்.

“சகுனம் சரியில்ல. இன்னொரு நாள் பாத்துக்கலாம்,” என்றார் பெரியப்பா. எங்கள் குடும்பத்தில் பெரியப்பா தள்ளிவைத்த காரியம் எதுவும் நடந்ததாகச் சரித்திரம் இல்லை.

அப்போது பெண், என் கவிதா, ஈரத் தலையைத் துவட்டியபடி கேட்டாள்.

“அந்தக் கார்ட எங்க ஒட்டியிருக்கீங்க?”

“என் ரூம்ல. ஏர்கானுக்குக் கீழ.”

“ஏர்கான் ஓடிக்கிட்டே இருக்குமா?”

“நாள் முழுக்க.”

“ஏர்கான்தான் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிடுதே. அப்ப அது சரியாத்தான் சொல்லியிருக்கு. உங்க ரூம்ல மழ பெய்யாது.”

முதலில் சிரித்தவர் மாமனார்தான். பிறகு ஹாலே சிரித்தது. பெரியப்பா எவ்வளவோ அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சிரித்துக்கொண்டே சகுனம் பேசத் தெரியாததால், சொட்டச் சொட்டத் தட்டை மாற்றிக்கொண்டார். வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை. ஆனாலும் இவளைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறுதியாகத் தோன்றியது.

கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது. இன்றும் மாமியார் கொடியில் துணி காயப்போட்டுவிட்டு என்னைக் கேட்பார்.

“மாப்ள, இன்னிக்கு மழ வருமா?”

“வராது அத்தே.”

உடனே துணியையெல்லாம் உருவி உள்ளே கொண்டுபோய்விடுவார். இதுவரை ஒருமுறைகூட அவர் துணி நனைந்ததில்லை.