மந்திரியின் சிறுநீரகம்

"என்னங்க, குழிக்கரண்டிய நீங்க எடுத்தீங்களா?"

நான்காவது மாடி பால்கனியிலிருந்து மனைவி குரல் கொடுத்தபோது, லிஃப்ட் இன்ஸ்பெக்டர் கீழே, வண்டி நிறுத்தும் இடத்தில், மந்திரியின் பின்னங்காலுக்கு அடியில் அந்தக் குழிக்கரண்டியைத்தான் நீட்டிக்கொண்டிருந்தார்.

"கத்தாதம்மா! இப்பத்தான் காலைத் தூக்கினான்!"

மந்திரி காலை இறக்கிவிட்டான்.

மந்திரி ஒரு நாய். ஒன்பது வயது, பழுப்பு நிறம், நல்ல தொப்பை. யாராவது கதவைத் திறந்துவிட்டால்தான் நகருவான் என்பதால் மகள் வைத்த பெயர். மேற்படிப்புக்கு வெளியூர் கிளம்பியபோது, "அப்பா, இவன் உங்க பொறுப்பு" என்று கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். நாய் என்றாலே ஆகாது என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர், இரண்டே மாதத்தில் மந்திரிக்குத் தனியாகத் தலையணை வாங்கினார்.

வருடாந்திரப் பரிசோதனையில் டாக்டரம்மா ரத்தம் எடுத்துக்கொண்டு, ஒரு சின்ன பாட்டிலையும் கொடுத்திருந்தார். "காலைல முதல்ல போறதைப் பிடிச்சு அனுப்புங்க. ஒன்பது மணிக்குள்ள வந்துடணும்."

அரை மணி நேரப் போராட்டத்தில் பாட்டிலில் பாதி தேறியது. இன்ஸ்பெக்டருக்கு எட்டு மணிக்கு வேலை.

"குடுங்க மாப்ள. நான் இருக்கறப்போ நீங்க எதுக்கு அலையறீங்க?" என்று கை நீட்டினார் மச்சான்.

மச்சான், மனைவியின் அண்ணன். இரண்டு வாரம் தங்கிவிட்டுப் போவதாக வந்து ஏழு மாதம் ஆகிறது. சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, எந்த வேலையானாலும் முந்திக்கொள்வார்.

மாலையில் டாக்டரம்மா தொலைபேசியில் வந்தார்.

"ரத்தத்துல ஒண்ணும் இல்ல சார். ஆனா சிறுநீர் ரொம்ப நீர்த்துப் போயிருக்கு."

"தெளிவா இருந்தா நல்லதுதானே டாக்டர்?"

"நாய்க்கு அப்படி இல்ல. சிறுநீரகம் மூணுல ரெண்டு பங்கு கெட்டுப் போனாத்தான் சிறுநீரைக் கெட்டியாக்கற சக்தி போகும். அப்பக்கூட ரத்தத்துல உடனே தெரியாது. ஆனா ஒரு தடவை பார்த்து முடிவு பண்ணக் கூடாது. அடுத்த வாரம் மறுபடி அனுப்புங்க. அதுவரைக்கும் சிறுநீரக நோய்க்குன்னு வர்ற தீனியக் கொஞ்சம் கொஞ்சமா கலந்து பழக்குங்க. தண்ணி மட்டும் எப்பவும் பக்கத்துல இருக்கட்டும்."

மூணுல ரெண்டு பங்கு என்பது மட்டும்தான் இன்ஸ்பெக்டரின் காதில் நின்றது. மூன்று கம்பிகளில் இரண்டு அறுந்த லிஃப்டுக்கு அவர் அந்த நிமிடமே பூட்டுப் போட்டுவிடுவார். மந்திரிக்கு எங்கே பூட்டுவது?

கொஞ்சம் கொஞ்சமாக என்பதெல்லாம் அவருக்குச் சரிப்படவில்லை. அன்றே பழைய தீனியை நிறுத்திவிட்டுப் புதியதைத் தட்டு நிறைய வைத்தார். மந்திரி முகர்ந்து பார்த்துவிட்டு, தட்டை மூக்கால் சோபாவுக்கு அடியில் தள்ளினான்.

"சாப்பிடுடா. உன் நல்லதுக்குத்தான்."

"மூணு நாளா சாப்பிடல, பாவம். எலும்பு தெரியுதுங்க" என்றாள் மனைவி.

"அது வியாதியோட அறிகுறி."

"பட்டினியோட அறிகுறிங்க!"

தண்ணீரையும் அவர் விடவில்லை. மந்திரி கிண்ணத்தில் வாய் வைக்கும்போதெல்லாம் ஒரு கையில் அளவு ஜாடியும் மறு கையில் நோட்டுமாகப் பக்கத்தில் உட்கார்ந்தார். மந்திரி இரண்டு வாய் நக்குவான், நிமிர்ந்து அவரைப் பார்ப்பான், பிறகு விலகிப் போய்விடுவான்.

இரண்டாவது மாதிரி எடுக்கும் நாளும் வந்தது. கரண்டியைக் கண்டதுமே மந்திரி தரையில் உட்கார்ந்துகொண்டான். இன்ஸ்பெக்டர் கரண்டியை ஒட்டடைக் கம்பில் கட்டி, ஒரு காருக்குப் பின்னால் பதுங்கினார்.

"யாருய்யா அது? என் வண்டிக்கடியில என்ன பண்றே?" என்று மூன்றாம் மாடிக்காரர் ஓடி வந்தார்.

"நான்தாங்க. நாய்க்கு டெஸ்ட்டு."

"நாய் அங்க நிக்குது. நீங்க எதுக்கு இங்க படுத்திருக்கீங்க?"

"நான் பார்த்தா அவன் போக மாட்டேங்கறான்."

"நான் பார்த்தாலும்தான் நீங்க போக மாட்டீங்க!"

பாட்டிலில் கால் பங்குகூடத் தேறவில்லை. மச்சான் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "கவலைப்படாதீங்க மாப்ள, நான் பாத்துக்கறேன்" என்று கிளம்பினார்.

மாலையில் டாக்டரம்மாவின் குரல் இறங்கியிருந்தது. "போன தடவையவிட மோசமா இருக்கு சார்."

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் மந்திரியைச் சாதாரணமாகப் பார்க்கவில்லை. மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் தலையைத் தடவினாள். இன்ஸ்பெக்டர் விடுப்பு எடுத்து, நாள் முழுவதும் அவன் பின்னாலேயே நடந்தார். எங்கே திரும்பினாலும் ஒரு ஜோடிக் கண்கள் தன்னையே கவனிப்பதைப் பார்த்த மந்திரி, வெளியே போனாலும் மரத்தை முகர்ந்துவிட்டு வெறுமனே திரும்பி வந்தான்.

மகள் தொலைபேசியில் கேட்டாள். "அப்பா, மந்திரி எப்படி இருக்கான்?"

"அவனுக்கென்ன, ராஜாவா இருக்கான்" என்று சொல்லி, போனை மனைவி கையில் கொடுத்துவிட்டு, இன்ஸ்பெக்டர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

"சனிக்கிழமை வர்றேன்ப்பா!" என்று அவள் சொன்னது மனைவிக்குத்தான் கேட்டது.

மூன்றாவது தடவை கிடைத்தது எண்ணி இருபது சொட்டு. வழக்கம்போல மச்சான்தான் கொண்டுபோனார். முடிவைப் பார்த்த டாக்டரம்மா உடனே கூப்பிட்டுவிட்டார்.

"இருபது வருஷ சர்வீஸ்ல இவ்வளவு நீர்த்த சிறுநீரை நான் பார்த்ததில்ல சார். கிட்டத்தட்ட வெறும் தண்ணி. நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. ஸ்கேன் பண்ணி, நானே ஊசி வெச்சு நேரா உள்ளேயிருந்து எடுத்துப் பாக்கறேன். தேவைப்பட்டா இங்கயே படுக்கவெச்சு டிரிப்ஸ் ஏத்தணும்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. பரிசோதனை மேசையில் மந்திரி மல்லாந்து கிடந்தான். தலைமாட்டில் இன்ஸ்பெக்டர், அவர் தோளுக்குப் பின்னால் மச்சான். ஸ்கேன் கருவியை வயிற்றில் நகர்த்திக்கொண்டே வந்த டாக்டரம்மாவின் புருவம் சுருங்கியது.

"என்ன டாக்டர், ரொம்ப மோசமா?"

"அதான் புரியல. ரெண்டு சிறுநீரகமும் பாக்க நல்லாத்தான் இருக்கு. அளவு சரி, வடிவம் சரி. ரத்தமும் சரி. எடை குறைஞ்சிருக்கு, அது தீனி எடுக்காததால. சிறுநீர் மட்டும்தான் உதைக்குது."

"நாளைக்கு என் பொண்ணு வர்றா டாக்டர்" என்றார் இன்ஸ்பெக்டர். "அவகிட்ட நான் என்ன சொல்றது? எது வேணும்னாலும் செய்யுங்க. இவன் மட்டும் இருக்கணும்."

"கொஞ்சம் அசையாம பிடிங்க."

ஊசி இறங்கியது. இன்ஸ்பெக்டர் கண்ணை மூடிக்கொண்டார். மந்திரி மூடவில்லை. டாக்டரம்மா ஊசிக்குழாயில் வந்ததை ஒரு புது பாட்டிலில் இறக்கி, சோதனைக்கு எடுத்துப்போகத் திரும்பினார். பாட்டிலின் அடி மட்டும் நல்ல மஞ்சளாக நனைந்திருந்தது.

மச்சான் அவசரமாக முன்னால் வந்து கையை நீட்டினார்.

"ஐயோ, இத்துனூண்டு எப்படிம்மா பத்தும்? குழாய் எங்க இருக்குன்னு மட்டும் காட்டுங்க, எப்பவும்போல கழுத்து வரைக்கும் நிரப்பிக் குடுத்துடறேன்!"