முயல் பேசிய புலிப்பேச்சு

ஒரு காட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே வருடத்துக்கு ஒரு முறை ‘மாதிரி வன சபை’ கூட்டுவார்கள். மாணவர்கள் கோட்டு மாட்டிக்கொண்டு, ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாக, பெயரட்டையைத் தூக்கித் தூக்கிப் பேசுவார்கள். நன்றாகப் பேசியவருக்குக் கோப்பை. வாயே திறக்காதவருக்கும் சான்றிதழ் உண்டு.

மல்லிச்செவி என்ற முயல் மூன்று வருடமாகச் சான்றிதழோடு வீடு திரும்பியவள். இந்த முறை கோப்பை வாங்கியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டாள். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அவளுக்கு வந்தது புலிநாடு. முயல்நாடு ஒரு புலிக்குட்டிக்குப் போனது.

“புலியாவா பேசப் போறே? நமக்கு எதுக்குடி இந்த வேண்டாத வேலை?” என்றாள் அம்மா முயல்.

“இதுக்குப் பேர் ராஜதந்திரம்மா. சீட்டு எந்தப் பக்கம் விழுதோ, நியாயமும் அந்தப் பக்கம்தான்,” என்றாள் மகள்.

சபைத் தலைவர் எருமையார், விதிப்புத்தகத்தைத் தவிர வேறு எதையும் நிமிர்ந்து பார்க்காதவர். அவருடைய முதல் விதி, யாரும் ‘நான்’ என்று சொல்லக் கூடாது. நாட்டின் பெயரைச் சொல்லித்தான் பேச வேண்டும். மல்லிச்செவி அட்டையைத் தூக்கினாள்.

“முயல்கள் வளைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வதைப் புலிநாடு ஆழ்ந்த கவலையுடன் நோக்குகிறது. கதவைச் சாத்தினால் நல்லுறவு எப்படி வளரும்?”

கைதட்டல் அடங்கவே நேரமானது. பதில் சொல்ல எழுந்த புலிக்குட்டி தலையைச் சொறிந்தது. “முயல்நாட்டுக்கு... அருகம்புல் பிடிக்கும்,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டது. பாவம், அதற்கு அவ்வளவுதான் தெரியும்.

இடைவேளையில் மல்லிச்செவி பம்பரமாய்ச் சுற்றினாள். மயிலிடம், “தீர்மானத்துல உன் பேர்தான் முதல்ல,” என்றாள். அணிலிடம், “சீக்கிரம் நிறைவேறினா சீக்கிரம் சாப்பாடு,” என்றாள். இருவரும் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்கள். தீர்மானம் இதுதான்: ‘முயல் வளைகளின் வாசல், விருந்தினர் நுழையும் அளவுக்கு அகலமாக இருக்க வேண்டும், எந்நேரமும் திறந்திருக்க வேண்டும்.’

நரி மட்டும் அட்டையைத் தூக்கியது. “தீர்மானம் கொண்டுவந்தவர் தன் வீட்டுக் கதவையும் திறந்து வைப்பாரா?”

மல்லிச்செவிக்கு அம்மாவின் முகம் ஒரு நொடி வந்து போனது. ஆனால் மேடையில் கோப்பை பளபளத்துக்கொண்டிருந்ததே, என்ன செய்ய?

“தலைவர் அவர்களே, இது பிரதிநிதியின் சொந்த வாழ்க்கையைப் பற்றிய கேள்வி. விதிக்குப் புறம்பானது.”

எருமையார் நாலு பக்கம் புரட்டிவிட்டு, “கேள்வி நீக்கப்படுகிறது,” என்றார். தீர்மானம் நிறைவேறியது. கோப்பையும் மல்லிச்செவிக்கே என்று அறிவித்தார்கள்.

பரிசு கொடுக்க வந்திருந்தவர் கொடுவாயன். அசல் புலி. காலையிலிருந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர் இப்போது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மேடையேறிக் கோப்பையைக் கொடுத்தார். தீர்மானத்தை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“இதையே நாங்க சொன்னப்பல்லாம் அராஜகம்னாங்க. இப்போ முயலே எழுதிக் கொடுத்திருக்கு. நாளையிலேருந்து அமலுக்கு வருது,” என்றார்.

“ஐயா, ஐயா! இது வெறும் மாதிரிங்க!”

“மாதிரியே இவ்வளவு நல்லா இருக்கேம்மா!”

மல்லிச்செவி தலைவர் பக்கம் ஓடினாள். “எருமையாரே, நான் முயலுங்க! நான் அந்த வளைக்குள்ளதான் குடியிருக்கேன்!”

“‘நான்’ கூடாது,” என்றார் எருமையார், தலை நிமிராமல்.

மறுநாள் காலையில் காட்டுக் காவலர்கள் வந்து கதவுகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். சொந்தபந்தமெல்லாம் திரண்டு வந்து, கதவு இருந்த இடத்தில் ‘எங்கள் இனத்தின் பெருமையே!’ என்று பேனர் கட்டினார்கள். சித்தப்பா, பெரியப்பா எல்லோருடைய படமும் அதில் இருந்தது. அம்மா மட்டும் கதவிலிருந்து உதிர்ந்த ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மல்லிச்செவிக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. கோப்பையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டாள்.

மாலை சரியாக ஐந்து மணிக்குப் பேனர் மெல்ல விலகியது. கொடுவாயன் வாசலில் நின்று காலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“மாண்புமிகு பிரதிநிதி வீட்டுல இருக்காங்களா?”

நீதி: எதைப் பேசினாலும் திறமையாகப் பேசுங்கள். அப்போதுதான் உங்களைச் சாப்பிட வருபவர்கூட மரியாதையாக வருவார்.