பூட்ஸுக்குள் அழுத முழங்கால்

மெல்போர்னின் மேற்கே, ஃபுட்டி என்று அவர்கள் சொல்லும் ஆஸ்திரேலியக் கால்பந்தாட்ட கிளப் ஒன்றின் வாசலில் விடியும்போதே வரிசை. கழுத்தில் கிளப் நிறத்தில் துண்டு, கையில் மகனுடைய பூட்ஸ். டாக்டர் என்றால் ஸ்கேன் எடுப்பார், ரத்தம் எடுப்பார். இங்கே தெய்வ சக்தியால் குணப்படுத்தும் மாஸ்டர் ஓரின் பேல் அதெல்லாம் எடுக்கமாட்டார். காணிக்கை மட்டும் எடுப்பார். கார்டு தேய்க்கும் மெஷின் பக்கத்திலேயே இருக்கிறது. தெய்வீகத்துக்குச் சில்லறை மாற்றப் பொழுதில்லை.

பூட்ஸின் மேல் ஒரு ஸ்படிகத்தை நூலில் தொங்கவிடுவார். வலப்பக்கம் சுற்றினால் ஆடலாம். இடப்பக்கம் சுற்றினால் மறுபடி காணிக்கையோடு வரலாம்.

கிளப் ஆட்டக்காரன் பிரோடிக்கு வலப்பக்கம் சுற்றிவிட்டது. இடது முழங்கால் ஜவ்வு கிழிந்து, வியாழக்கிழமை அறுவை சிகிச்சைக்கு நாள் வாங்கியிருந்தவன், வேண்டாம் என்று சொல்லிவிட்டான். சனிக்கிழமை ஆடப்போகிறானாம். ஆடி மிச்ச ஜவ்வும் போனால், இருபத்திரண்டு வயதில் அவன் ஆட்டக்காரன் அல்ல, பார்வையாளன்.

அவன் அக்கா மேவ் கொதித்தாள். "கிழிஞ்சிருக்கறத ஸ்கேன்ல கண்ணால பாத்தியேடா!"

"என்னைத் தொடவே இல்லக்கா. பூட்ஸ வச்சே இடது கால்னு சொல்லிட்டாரு."

"நொண்டிக்கிட்டே உள்ள போனா நம்ம வீட்டு நாய்கூடச் சொல்லும்டா."

புதன்கிழமை காலை, கூட்டத்தின் நடுவே பேல் முன்னால் ஐந்து பூட்ஸ் பெட்டிகளை வரிசையாக வைத்தாள். எல்லாம் ஒட்டி மூடியவை.

"இதுல ஒண்ணுலதான் என் தம்பி பூட்ஸ் இருக்கு. எதுன்னு சொல்லுங்க. சரியா சொன்னா சனிக்கிழமை நானே அவனுக்கு மாட்டி அனுப்பறேன்." சொல்லிவிட்டு முதுகைக் காட்டி நின்றாள்.

"ஏம்மா திரும்பி நிக்கிற?" என்றார் பேல்.

"என் மூஞ்சியப் படிக்காம பெட்டியப் படிங்க."

கிளப் தலைவர் பதறினார். "மாஸ்டரைச் சோதிக்காதம்மா. சக்தி கோவிச்சுக்கும்."

"கோவிச்சுக்கட்டும் சார். போகப்போறது என் தம்பி கால்."

ஸ்படிகம் மூன்றாவது பெட்டியின் மேல் வெறிபிடித்துச் சுற்றியது. பேல் கண்ணை மூடினார். "இதோ! வெப்பம் தெரியுது. கிழிஞ்சது கூடிக்கிட்டே வருது. முழங்கால் ஆனந்தத்துல அழுவுது!"

கூட்டமும் அழுதது. அழக் காரணம் கேட்டு அதற்குப் பழக்கமில்லை.

மேவ் திரும்பி வந்து மூடியைக் கிழித்தாள். உள்ளே, மைதானக் கடையில் அப்போதுதான் வாங்கிய மீட் பை, மாவுக்குள் கறி அடைத்துச் சுட்ட பண்டம். மேலே தக்காளி சாஸ். பூட்ஸ் ஐந்தாவது பெட்டியில், யாரையும் தொந்தரவு செய்யாமல் கிடந்தது.

"சந்தேகப்படறவங்க பக்கத்துல நின்னா ஸ்படிகம் குழம்பிடும்" என்றார் பேல், நூலைச் சுருட்டியபடி.

கூட்டத்தில் நின்ற பிரோடி அந்தப் பண்டத்தை வெறித்துப் பார்த்தான். முகம் சிவந்துவிட்டது. "கூடிக்கிட்டே வருதுன்னீங்களே சார், எது? மாவா, கறியா?"

பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை. அங்கேயே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான். "நாளைக்கு என் இடத்த வேற யாருக்காவது குடுத்துட்டீங்களா?... இல்லையா? வந்துடறேன்."

பின்வரிசையில் ஒருவர் கையைத் தூக்கினார். "அப்போ மாஸ்டர் என் முதுகுக்கு எப்பப் பாப்பாரு?"

மேவ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஸ்படிகத்த ஆட்டினது அவரு கை. உங்கள ஆட்டறதும் அதே கைதான். கழுத்துக்கு மேல ஒண்ணு இருக்கே ஐயா, அது கிளப் தொப்பி மாட்டறதுக்கு மட்டும் இல்ல!"