கண்ணீருக்கு எத்தனை நட்சத்திரம்?

நெருப்பைக் கண்டுபிடித்ததும் சக்கரத்தைக் கண்டுபிடித்ததும் மனித குலத்தின் சில்லறைச் சாதனைகள். ஒரு படம் நமக்குப் பிடித்ததா இல்லையா என்பதை முன்பின் தெரியாதவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று கண்டுபிடித்த நாளில்தான் நாகரிகம் முழுமை அடைந்தது. அந்த நாகரிகத்தின் தவப்புதல்வர் ஒருவர் கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார்.

எந்தப் படத்தையும் எடுத்தோம் கவிழ்த்தோம் என்று பார்த்துவிடுகிறவர் அல்ல கடைக்காரர். முதலில் நூற்றுக்கு மதிப்பெண் போடும் தளம். அடுத்தது நட்சத்திரம் போடும் தளம். பிறகு, 'உங்களுக்காகவே' என்று படம் பொறுக்கிக் கொடுக்கும் தளம். மூன்றையும் கடைக் கணினியில் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்து, வரன் விசாரிப்பதுபோல் விசாரிப்பார். மூன்றும் முரண்பட்டால் வழக்கு 'தராசு' என்ற புனைபெயரில் எழுதும் விமர்சகரிடம் போகும். அவர் தீர்ப்புக்கு மேல் அப்பீல் கிடையாது. அவர் பார்வையே தனி என்பார் கடைக்காரர். விசாரணை முடிவதற்குள் படம் தியேட்டரை விட்டே போயிருக்கும். அதனால் என்ன? பார்க்காத படத்தைப் பற்றி அவ்வளவு தெளிவாகப் பேசக்கூடியவர் அந்தத் தெருவில் வேறு யாரும் இல்லை. ஒருமுறை வீட்டு டிவியில் தற்செயலாக ஓடிய ஏதோ ஒரு படத்துக்கு விழுந்து விழுந்து சிரித்துவிட்டார். அதற்கு ஒன்றரை நட்சத்திரம்தான் என்று மறுநாள் தெரியவந்ததும், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த மனைவியிடம் முறைப்படி வருத்தம் தெரிவித்துக்கொண்டார்.

இப்படிப்பட்டவருக்குச் சோதனை மைத்துனன் உருவில் வந்தது. மனைவியின் தம்பி பல வருடம் யார் யாரிடமோ உதவி இயக்குநராகத் தேய்ந்து, ஒருவழியாகத் தன் முதல் படத்தை எடுத்து முடித்திருந்தான். வெளியாவதற்கு முன்னால் வேண்டியவர்களுக்கு மட்டும் ஒரு காட்சி. அக்காவையும் மாமாவையும் முதல் ஆளாகக் கூப்பிட்டான். கடைக்காரர் தளங்களைத் திறந்தார். மூன்றிலும் வெற்றிடம். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் போய் உட்கார்ந்தார்.

படம் ஒரு லிஃப்ட்காரரையும், ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவரோடு பேசாத அவருடைய அண்ணனையும் பற்றியது. இடைவேளைக்கு முன்பே கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். கடைசியில் லிஃப்ட் பாதி வழியில் நின்றுபோய், உள்ளே மாட்டிக்கொண்ட அண்ணன் வேறு வழியில்லாமல் தம்பியைப் பார்த்து "சாப்பிட்டியா?" என்று கேட்கிற இடத்தில் அவர் தோள்கள் குலுங்கின. மனைவி கைக்குட்டையை நீட்டினாள். அது சொட்டச் சொட்டத் திரும்பி வந்தது.

வாசலில் மைத்துனன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான்.

"மாமா, படம் எப்படி இருக்கு?"

"இன்னும் தெரியலப்பா. வெள்ளிக்கிழமை தெரிஞ்சிடும்."

"நீங்க அழுததைப் பாத்தேனே."

"அழுதேன், இல்லைன்னு சொல்லல. அழுதது சரியான்னு தெரியணும்ல?"

வெள்ளிக்கிழமை வந்தது. முதல் தளம் நூற்றுக்கு முப்பத்துநாலு என்றது. இரண்டாவது நான்கு நட்சத்திரம் கொடுத்தது. மூன்றாவது, 'நீங்கள் கோழிப் பண்ணை பற்றிய படத்தை விரும்பியதால் இதையும் விரும்புவீர்கள்' என்றது. அப்படி ஒரு படம் பார்த்ததாக அவருக்கு நினைவில்லை. ஆனால் தளமே சொல்லும்போது இல்லை என்று மறுக்க அவர் யார்?

மாலையில் சாப்பாட்டு மேசையில் 'அவசரக் கூட்டம்' கூடியது. காய் நறுக்கிக்கொண்டிருந்த காரணத்தால் மனைவியும் அதில் கலந்துகொண்டாள். தராசின் தீர்ப்பைக் கடைக்காரர் எழுந்து நின்று வாசித்தார். கடல் காட்சிகளில் ஒளிப்பதிவு ஜொலிக்கிறது, ஆனால் கதையில் உயிர் இல்லை, பார்ப்பவர் கண்ணில் ஒரு சொட்டு ஈரம்கூட வராது என்று எழுதியிருந்தது.

"படத்துல கடலே இல்லீங்களே" என்றாள் மனைவி.

"நம்ம கண்ணுக்குத் தெரியல. அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

உடனே மைத்துனனைத் தொலைபேசியில் அழைத்து, தாம் அழுதது தவறான புரிதலின் பேரில் நிகழ்ந்தது என்றும், அதைப் பாராட்டாகக் கொள்ள வேண்டாம் என்றும் தெரிவித்தார். அவன் "சரி மாமா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மனைவியும் பேச்சை நிறுத்திக்கொண்டாள். சோறு வந்தது, குழம்பு வந்தது, சொல் வரவில்லை. வீடு அப்படியே மைத்துனனின் படம்போல் ஆயிற்று. லிஃப்ட் ஒன்றுதான் குறை.

அடுத்த வாரம் தராசு நேரிலேயே கடைக்கு வந்தார். இணையத்தில் பார்த்த முகம். கடைக்காரருக்குக் கை கால் ஓடவில்லை. பயபக்தியோடு நாற்காலியில் உட்காரவைத்து, எழுத்துப் பலகையின் உச்சியில் இருந்த பெரிய எழுத்தைப் படிக்கச் சொன்னார். தராசு தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் கேட்டார்.

"எனக்கு முன்னாடி வந்தவங்க இதை என்னன்னு சொன்னாங்க?"

கடைக்காரர் சிரிக்கப் போனார். விமர்சகர் சிரிக்கவில்லை. கொஞ்ச நாளாகவே திரை பனிமூட்டமாகத்தான் தெரிகிறது என்றும், அதனால் மதிப்பெண் தளத்தைப் பார்த்து அதை ஒட்டியே எழுதிவிடுவதாகவும் அவர் ஒப்புக்கொண்டார். அந்தத் தளம் யாரைப் பார்த்து மதிப்பெண் போடுகிறது என்று கடைக்காரர் கேட்டார்.

"எங்களை மாதிரி விமர்சகர்களைப் பாத்துதான்" என்றார் தராசு, கொஞ்சம் பெருமையாகவே.

"அந்த லிஃப்ட் படத்துல கடல்னு எழுதினீங்களே?"

"நீலமா ஏதோ அசைஞ்சுது."

லிஃப்ட்காரரின் சீருடை நீல நிறம்.

விமர்சகருக்குக் கண்ணாடி கொடுத்து அனுப்பிவிட்டு, கடைக்காரர் கதவை இழுத்துப் பூட்டினார். கணினியைத் தொடவில்லை. நேரே வீட்டுக்குப் போய், படத்துக்குப் போகலாம் என்று மனைவியிடம் சொன்னார். எந்தப் படம் என்று அவள் கேட்கவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அன்றுதான் அந்தப் படத்தின் கடைசிக் காட்சி. அரங்கில் ஆளைத் தேட வேண்டியிருந்தது. லிஃப்ட் நிற்பதற்கு முன்பே கடைக்காரர் அழ ஆரம்பித்துவிட்டார். விளக்கு எரிந்ததும் திரும்பிப் பார்த்தால், கடைசி வரிசையில் மைத்துனன் தனியாக உட்கார்ந்திருந்தான். அவனிடம் போய், அவன் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அவர் சொன்னார்.

"படம் ரொம்ப நல்லா இருக்குப்பா."

மைத்துனன் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. கோபமே இல்லாத குரலில் கேட்டான்.

"யார் மாமா சொன்னாங்க?"